ஏழு மணி நோன்பு

என் நாத்தனார் பொய் சொல்ல மாட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கல்யாணத்தன்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தக் கலர் உனக்கு எடுப்பாவே இல்ல" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவள். அன்று ஆரம்பித்த சண்டை முப்பது வருஷம் ஓடியது. நேரில் 'அண்ணி, நீங்க' என்றுதான் பேசுவேன். மனசுக்குள் மட்டும் 'அவள்'. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இங்கேயும் அப்படியே சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு வருஷத்துக்கு முன்பு என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். ஷிஃப்ட் முடிந்து சரியாக ஏழு மணிக்கு மாடிப்படி ஏறி வருவார். அவர் போன பிறகு நாள் முழுக்க எப்படியோ ஓட்டிவிடுவேன், அந்த ஏழு மணியை மட்டும் என்னால் தாண்ட முடியாது. கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அடக்கமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப்போன மறுநாள், ஏழு மணிக்குப் படியில் காலடிச் சத்தம். பதறி எழுந்தேன். அண்ணி நின்றிருந்தாள். கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, "என் தம்பி வர்ற நேரம். யாராவது வரணும்ல?" என்றாள்.

அவ்வளவுதான். பழசைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதிலிருந்து மூன்று வருஷம் தினமும் வந்தாள். வந்ததும் என் சமையலைக் குறை சொல்வாள், என் பக்கத்து வீட்டுக்காரியைக் குறை சொல்வாள், எட்டு மணிக்கு எழுந்து போய்விடுவாள். பிறகு அவள் மகன் வேறு ஊருக்கு மாற்றலாகி, அவளையும் கூட்டிக்கொண்டு போனான். அன்றிலிருந்து ஏழு மணிக்கு நான் போன் போடுவேன். நான்தான் கூப்பிட வேண்டும், அது எங்கள் ஏற்பாடு. நான் ஒரு ஹோட்டலில் துணி அறையில் தையல் வேலை பார்க்கிறேன், அதனால் அவள் எனக்கு வைத்த பெயர் 'ஊசி'. என் வாயும் ஒரு காரணம் என்பாள். போனை எடுத்ததும், "என்னடி ஊசி, இன்னிக்கு யாரைக் குத்தின?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அண்ணியின் மகன் ஒரு நாள், "மாமாவே இல்ல. அப்புறம் அத்தைக்கும் உங்களுக்கும் என்னம்மா ஒட்டு?" என்று கேட்டானாம். "ஏழு மணிக்குப் பாருடா" என்றாளாம். மணி அடித்ததும் மகன், மருமகள் இரண்டு பேர் முன்னாலும் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அவள் குரலில் அப்படி ஒரு பெருமை. எனக்கும் உள்ளுக்குள் இனித்தது. வெளியே சொல்வேனா? "போதும் அண்ணி, தோசைக்கல்லு காயுது" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

இனிமேல்தான் விஷயம்.

இந்த வருஷம் சாம்பல் புதன் அன்று, நெற்றியில் சாம்பலோடு கோயிலில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை நாற்பது நாள் தவக்காலம், அதற்கு எதை விடுவது என்று எனக்கு ஒரே குழப்பம். வழக்கமாகச் சர்க்கரையை விடுவேன். போன வருஷம் டாக்டர் முந்திக்கொண்டார். டாக்டர் நிறுத்தியதையே எடுத்துக் கடவுளுக்குக் கொடுத்தால் அவர் சிரிக்க மாட்டாரா? கறி மீன் மெல்லப் பல் இல்லை. டிவி ரிப்பேராகி எட்டு மாசம். விடுவதற்கு ஒன்றுமே இல்லாத ஒரு வாழ்க்கை என்று எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: "சோத்தைக் குறைக்கிறது பெரிய விஷயமில்ல. உங்களுக்கு எது ரொம்பப் பிரியமோ அதை விட்டுப் பாருங்க. விட்டதை வெளிய சொல்லாதீங்க. முகத்தைக் கழுவிட்டுச் சாதாரணமா இருங்க. கடவுளுக்குத் தெரிஞ்சாப் போதும்."

எனக்குச் சுருக்கென்றது. ரொம்பப் பிரியமானது என்றால், அண்ணியோடு போனில் பேசுகிற அந்த ஒரே ஒரு அரை மணி நேரம்தான் இருக்கிறது. வேறு என்ன இருக்கிறது என்னிடம்? அந்த அரை மணியை நாற்பது நாளைக்கு விட்டுவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். யாரிடமும் சொல்வதில்லை, அண்ணியிடம்கூட. சொன்னால் அது தம்பட்டம் அடித்ததாகிவிடும் இல்லையா? உள்ளதைச் சொல்வதென்றால், எனக்குக் கொஞ்சம் கர்வமும் வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து சாக்லேட்டை விடுகிற ஆட்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏழு மணிக்கு என்ன செய்வது என்றும் ஏற்பாடு செய்துகொண்டேன். துணி அறையில் ஜோடி இல்லாத பொத்தான்கள் ஒரு டப்பா நிறைய கிடக்கும். அதில் பதினாலு எடுத்து, கிழித்துப்போட்ட படுக்கை விரிப்பின் ஓரத்துணியில் வரிசையாகத் தைத்தேன். சிலுவைப் பாதையின் பதினாலு நிலைக்குப் பதினாலு பொத்தான். ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஏழு மணிக்கு நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு பொத்தானாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போவேன். முட்டி வலித்தால் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். ஆறாவது பொத்தான் மட்டும் எனக்கு விசேஷம். அத்தனை கூட்டமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் ஒரு துணியோடு போய், சிலுவை சுமந்த இயேசுவின் முகத்தைத் துடைத்த இடம் அது. துணிக்காரி, எங்கள் ஆள் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு வெள்ளைப் பொத்தான், பெரியது.

முதல் நாள் ஏழேகாலுக்குப் போன் அடித்தது. திரையில் 'அண்ணி'. நான் மூன்றாவது பொத்தானில் இருந்தேன். கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன். அடித்து அடித்து நின்றது. இரண்டாம் நாளும் அடித்தது, மூன்றாம் நாளும் அடித்தது. ஒவ்வொரு தடவையும் சபாஷ், நன்றாகத்தான் தாங்குகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலாம் நாள் கீழ்வீட்டுக்காரர் என்னைப் படியில் நிறுத்தினார்.

"உங்க நாத்தனார் எனக்குப் போன் பண்ணியிருந்தாங்க. உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லாத்தான் இருக்காங்க, காலையிலகூடத் தண்ணிக்குச் சண்டை போட்டாங்கன்னு சொன்னேன்."

அதற்குப் பிறகு போன் அடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் அடிக்காததும் நிம்மதி என்று நினைத்தேன். ஆறாம் நாளும் அடிக்காதபோது எனக்கு ஆத்திரம் வந்தது. பாருங்கள் என் லட்சணத்தை! எடுக்கப் போவதில்லை என்று சத்தியம் செய்தவள் நான், அடிக்கவில்லையே என்று கோபப்படுகிறவளும் நான். 'மூணே நாள்தானா உங்க பாசம்? உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சதும் போதும்னு விட்டுட்டீங்களா?' என்று பொத்தான்களைப் பார்த்துச் சண்டை போட்டேன். ஜெபம் எங்கேயோ போய்விட்டது.

வேலையிடத்தில் பேச ஆள் கிடையாது. விரிப்புகளை ஒவ்வொன்றாக ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும், ஓட்டை தெரிந்தால் தைக்க வேண்டும், தைக்க முடியாததைத் தலையணை உறையாக வெட்ட வேண்டும். பக்கத்தில் இஸ்திரி மெஷின் நாள் முழுக்க ஓடும். அதை ஓட்டுகிறவர் காதில் பஞ்சு வைத்திருப்பார். இரண்டாவது வாரம், துவைத்து வந்த ஒரு தலையணை உறைக்குள் கையை விட்டால் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். பல் செட்! மேல்வரிசை முழுசாக, சோப்புத் தண்ணீரில் துவைத்துப் பளபளவென்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இஸ்திரிக்காரரிடம் தூக்கிக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். சூப்பர்வைசரம்மாவிடம் கொண்டுபோனேன்.

"எந்த ரூம்னு எழுதி அந்தக் கவர்ல போட்டு வைங்க" என்றாள், கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கதையை அண்ணிக்குச் சொல்கிற மாதிரியே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே அவள் 'அடிப்பாவி' என்பாள், எல்லாம் எனக்குத் தெரியும். வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டதும்தான் சொல்ல முடியாது என்பது உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துப் பார்த்தேன். இரண்டு தடவை சிரித்ததும் அழுகை வந்துவிட்டது. அவர் செத்த புதிதில் இருந்த அதே ஏழு மணி திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்திருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. என் பிடிவாதம் அப்படி. கஷ்டமாக இருக்கிறது என்றால் சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தவக்காலத்தின் நாலாவது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோயில் சிலைகளான சுரூபங்களை மூட ஊதாத் துணி தைக்க வேண்டும் என்று, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் கூப்பிட்டார். கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் துணியை அளந்துகொண்டிருந்தேன். மனிதர் ஓரமாக உட்கார்ந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தவக்காலத்துக்கு இனிப்பை விட்டிருக்கிறேன் என்று ஊர் முழுக்கச் சொன்ன ஆள்! எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்ன உபதேசியாரே, அதுக்குள்ள ஈஸ்டர் வந்துடுச்சா?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைம்மா" என்றார், விரலை நக்கிக்கொண்டே.

"அதனால?"

"ஞாயிறு கணக்குல வராதே. சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரைக்கும் எண்ணிப் பாருங்க, நாப்பத்தாறு வரும். ஆறு ஞாயித்தைக் கழிச்சாத்தான் நாப்பது. ஞாயித்துக்கிழமை நோன்பு கிடையாது. இத்தனை வருஷமா கோயிலுக்கு வர்றீங்க, இது தெரியாதா?"

தெரியாது. அம்பத்தெட்டு வயசாகிறது, தெரியாது. அம்மா ஞாயிறு என்று பார்க்காமல் விட்டதை விட்டபடியே இருப்பாள், நானும் அப்படியே இருந்தேன். விரலை விட்டு எண்ணினேன். மூன்று ஞாயிறு போய்விட்டது. மூன்று தடவை பேசியிருக்கலாம்! ஊதாத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வீட்டுக்கு ஓடினேன்.

ஏழு மணி வரை பொறுக்க முடியவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கே போட்டுவிட்டேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவோடுதான் போட்டேன். மருமகள் எடுத்தாள்.

"அத்தை! அம்மா குளிக்கிறாங்க, போன் இங்க சார்ஜ்ல கிடக்கு. என்ன அதிசயமா மத்தியானத்துல? ஏழு மணிதானே உங்க நேரம்?"

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.

"நேத்து அப்படி என்ன சிரிப்பு அத்தை ரெண்டு பேருக்கும்? கதவைச் சாத்தியும் ஹால் வரைக்கும் கேக்குது. சாப்பிடும்போது அம்மா அந்த மாப்பிள்ளை கதையைச் சொன்னாங்க. ஜிப்பு பிஞ்சு போய் ஹோட்டல்ல அவரை நிக்க வெச்சே தெச்சீங்களாமே! ஊசி குத்தினதும் அவர் கத்தி, பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்களாமே! எங்க வீட்டுக்காரருக்குப் புரையேறிடுச்சு."

எந்த மாப்பிள்ளைக்கும் நான் ஜிப் தைக்கவில்லை. நேற்று ஏழு மணிக்கு நான் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"தினமும்... தினமும் சொல்லுவாங்களா?" என்று கேட்டேன்.

"தினமும்தான். உங்க சங்கதி இல்லாம எங்க வீட்டுல சாப்பாடே இறங்காது. அம்மா சொல்லுவாங்க, எனக்கு ஒருத்தி இருக்கா, ஒரு நாள் தவறாமக் கூப்பிடுவான்னு. எங்க அம்மாகூட என்னை அப்படிக் கூப்பிடுறதில்ல, அத்தை."

கட்டிலில் உட்கார்ந்தேன். பொய்யே சொல்லத் தெரியாதவள், இருபது நாளுக்கு மேலாக ஏழு மணிக்கு எழுந்து, பேசாத போனைக் காதில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, தனக்குத்தானே சிரித்திருக்கிறாள். தன்னை ஒருத்தி விட்டுவிட்டாள் என்று மகனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று. நோன்பு இருந்தது நான், பட்டினி கிடந்தது அவள்.

"அத்தை, நேத்து பேசினீங்கதானே?" என்றாள் மருமகள் சந்தேகமாக.

"பேசினோமே" என்றேன். தவக்காலத்தில், ஞாயிற்றுக்கிழமையில், நெஞ்சறிந்து பொய் சொன்னேன். "அந்த மாப்பிள்ளை பாவம்மா, ரெண்டு நாளா உக்காரவே இல்லையாம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இதோ, அம்மா வந்துட்டாங்க."

போன் கை மாறியது. பிறகு அண்ணியின் குரல், ஹால் முழுக்கக் கேட்கும்படி சத்தமாக: "என்னடி ஊசி! நேத்து அவ்வளவு நேரம் பேசியும் பத்தலையா உனக்கு?"

"பத்தல அண்ணி."

காலடிச் சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வந்த குரலை நான் இதற்கு முன் கேட்டதே இல்லை.

"நான் என்னடி தப்பு பண்ணினேன்?"

"ஐயோ அண்ணி, நீங்க ஒண்ணுமே பண்ணல."

"ஏதாவது சொல்லிட்டேனா? என் வாய் உனக்குத் தெரியாதா? யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். உன் சாம்பாரைக் குறை சொன்னதா?"

"தவக்காலம் அண்ணி. சாமியார் ரொம்பப் பிரியமானதை விடச் சொன்னாரு. வெளிய சொல்லக் கூடாதுன்னாரு. எனக்கு வேற என்ன இருக்கு விடுறதுக்கு? உங்களைத்தான் விட்டேன்."

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன்.

"பிரியம்னு ஒரு வார்த்தை" என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "முப்பத்தாறு வருஷத்துல ஒரு தடவை சொல்லியிருப்பியாடி நீ? விட்டுட்டுத்தான் சொல்லணுமா?"

நான் அழுதேன். அவளும் அழுதாள் என்றுதான் நினைக்கிறேன், ஒப்புக்கொள்ள மாட்டாள். இரண்டு பேரும் மூக்கைச் சிந்தி முடித்ததும், ஞாயிறு கணக்கில் வராது என்கிற விஷயத்தைச் சொன்னேன். "நாளையிலருந்து பழையபடி கூப்பிடுறேன்" என்றேன்.

உடனே பழைய அண்ணியாகிவிட்டாள்.

"நாளைக்குத் திங்கக்கிழமை. கடவுளுக்குக் கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்குவியா? ஆரம்பிச்சதை முடி. ஞாயித்துக்கிழமை மட்டும் கூப்பிடு. மத்த நாள் நான் சமாளிச்சுக்கிறேன், இத்தனை நாள் சமாளிக்கலையா? இப்ப காரணம் தெரிஞ்சுபோச்சு, எனக்கு ஒண்ணுமில்ல. உன்னால இத்தனை பொய் சொல்லியிருக்கேன், சாமியார்கிட்டப் போய் மண்டிபோடணும். வெச்சிடுறேன்."

திங்கட்கிழமை ஏழு மணிக்கு நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டேன். அவள் சொன்னதும் நியாயம்தானே, மீதி நாளை முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முதல் பொத்தான், இரண்டாவது, மூன்றாவது என்று ஒழுங்காகத்தான் போனேன். ஆறாவது வெள்ளைப் பொத்தானில் விரல் நின்றுவிட்டது. இந்நேரம் அங்கே ஒரு கதவு சாத்தியிருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காதில் ஒன்றுமே கேட்காத போனை வைத்துக்கொண்டு, 'அப்புறம் என்னாச்சுடி?' என்று அவள் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அதற்கு மேல் ஒரு பொத்தானும் தாண்ட முடியவில்லை. துணியை மடித்து மேசையில் வைத்தேன். ஆண்டவரே, இதை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், வேறு எதையாவது கேளுங்கள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டுப் போனை எடுத்தேன்.

முதல் ரிங்கே முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டாள்.

"கூப்பிடாதேன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"அப்புறம் எதுக்குடி கூப்பிட்ட?" குரல் அதட்டலாகத்தான் ஆரம்பித்தது, முடியும்போது நடுங்கியது.

"கதவு சாத்தியிருக்கா அண்ணி?"

"சாத்தியாச்சு."

"அப்ப அந்த மாப்பிள்ளை கதையை முதல்லருந்து சொல்லுங்க. எல்லாரும் கேட்டுட்டாங்க, நான் மட்டும்தான் கேக்கல."